பூச்சாடி மறைத்த இடம்

தேவாலயப் பீடத்தின்மேல் பூச்சாடி நடுவில் நில்லாமல் வலப்புறம் ஒதுங்கியே நின்றது. வெள்ளை விரிப்பில் இஸ்திரிப்பெட்டியின் முனை பதிந்த கருகல் ஒன்றை மறைக்கவே அது அங்கு நின்றதென்பதைச் சபையார் யாவரும் அறிவர். கருக்கியவள் தையல்காரியின் ஓரகத்தி, அவள் கொழுந்தனின் மனைவி, என்பதும் அவர்களுக்குத் தெரிந்த செய்தியே.

உண்மை அதுவன்று.

விரிப்பை முறைவைத்துத் துவைத்துத் தேய்ப்பது மாதர் சங்கத்தின் வழக்கம். ஒருமுறை அப்பொறுப்பு ஓரகத்திகள் இருவருக்கும் சேர்ந்து வந்தது. இளையவள் பாதி தேய்த்து, பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். மீதியைத் தேய்க்கத் தொடங்கிய தையல்காரியை, கால்சட்டை இடுப்பைப் பிடிக்கிறதென்று வாசலில் நின்று ஒருவர் கூவியழைத்தார். பெட்டியை முனை விரிப்பில் படும்படி விட்டுவிட்டுப் போய், "துணி சுருங்கலைங்க, நீங்கதான் பெருத்துட்டீங்க" என்று வாயாடித் திரும்பியபோது புகை எழுந்துகொண்டிருந்தது.

"யாரு கைவேலை இது?" என்று சங்கக் கூட்டத்தில் செயலாளர் அம்மாள் கேட்டார். தையல்காரி பொய்யொன்றும் சொல்லவில்லை. ஓரகத்தியைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவே. அத்தனை பேருக்கும் துணி தைத்துத் தேய்த்துக் கொடுக்கும் கை தவறுமா? இளையவளுக்கோ வீட்டில் பட்டப்பெயரே 'அவசரம்'. "சத்தியமா நான் இல்லீங்க" என்று அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. அன்றுமுதல் விரிப்பு அவளிடம் போகவில்லை. அவளும் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள்.

ஆண்டுகள் சென்றன. அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்துக்கு அழைக்கும் வேளைகளில் தையல்காரிக்குத் தவறாமல் தலைவலி வந்தது. இந்நிலையில் புதிய விரிப்புத் தைக்கும் பொறுப்பைச் சங்கத்தார் அவளிடமே ஒப்படைத்தனர். "பழசைக் கிழிச்சுத் துடைக்கப் போட்டுடலாம். உங்க கைக்குத்தான் இந்தக் கொடுப்பினை" என்றார் செயலாளர் அம்மாள். அவ்வார்த்தை நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. ஓரம் மடித்து அடிக்க உட்கார்ந்தாள்; தையல் எந்திரத்தை மிதிக்கக் கால் வரவில்லை. காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு, மனத்தாங்கல் உள்ளவரிடம் முதலில் போய் ஒப்புரவாகும்படி ஆண்டவர் சொன்னதை அவள் சிறுவயதுமுதல் அறிந்தவள். துணியை ஊசியின் கீழேயே விட்டுவிட்டு எழுந்து போனாள்.

இளையவள் அடுக்களையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். "அடேயப்பா! வழி தவறி வந்துட்டீங்களா, அக்கா? அடுப்புப் பக்கம் உட்காராதீங்க. ஏதாவது கருகினா பழி எம்மேலதான் வரும்."

"அந்த விரிப்பைக் கருக்கினது நான்தான்மா. என்னை மன்னிச்சிரு."

சீவும் கை நிற்கவில்லை. "உங்களைத் தவிர அது தெரிஞ்ச ஒரே ஆள் நான். என்கிட்டயே வந்து சொல்றீங்களே!"

"மனசு கேக்கலைம்மா..."

"சொன்னா உங்க மனசு லேசாகும், சரி. எம்பேரு இந்த அடுக்களையிலயா கெட்டுச்சு? 'ஒத்துக்கோம்மா, ஆண்டவர் மன்னிப்பாரு'ன்னு நான் பெத்த பொண்ணே சொன்னா. செய்யாததை எப்படி அக்கா ஒத்துக்கிறது?"

மன்னிப்புக் கேட்கவன்று, மலிவாகத் தப்பிக்கவே தான் வந்திருப்பது தையல்காரிக்கு அப்போதுதான் உறைத்தது.

ஞாயிறு ஆராதனை முடிவில், புதிய விரிப்பைப் பற்றிச் செயலாளர் அம்மாள் அறிவிக்க எழுந்தார். அவருக்கு முந்திக்கொண்டு தையல்காரி பீடத்தண்டை சென்று சாடியைத் தூக்கினாள். தூக்கியதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இதைக் கருக்கினது நான். பழி என் ஓரகத்திமேல விழுந்தப்போ பேசாம இருந்தேன். அவ நிரபராதி."

"பழைய கதை, விடுங்க அக்கா" என்று செயலாளர் அம்மாள் முணுமுணுத்தார்.

"உங்களுக்குப் பழசும்மா. அவளுக்கு இல்ல."

கடைசி வரிசையில் இளையவள் எழுந்தாள். வழக்கம்போல் வெளியேறுவாளென்றே எல்லாரும் எண்ணினர். அவளோ மகளின் கையைப் பற்றிக்கொண்டு பீடத்துக்கு நடந்து வந்தாள். அன்றைக்குப் பின் அவள் அக்கருகலைக் கண்டதேயில்லை. குனிந்து நோக்கி, கட்டைவிரலை அதன்மேல் வைத்தாள். கருகல் முழுவதும் விரலுக்குள் மறைந்துபோயிற்று.

"இத்தனூண்டுதானா, அக்கா?" என்றாள்.

தையல்காரி சாடியைச் சாய்த்துப் பிடித்திருந்தாள் போலும். தண்ணீர் வழிந்து அவள் முன்புறமெல்லாம் நனைந்துகொண்டிருந்தது.