இடப்பக்கம் சொன்னவை

காஜாக்காரியின் இடக்காதில் முதன்முதலாக விழுந்தது, நாற்பத்தொரு வருடங்களுக்கு முன் அடித்த ஒரு சைக்கிள் மணி. துணிக் கம்பெனியில் சட்டைகளுக்குப் பட்டன் துளை போடும் மெஷின் அவளுடையது. அதனால் அந்தப் பெயர். ஒன்பது வயதுக் காய்ச்சலில் செத்த காது. அதன் பின்னால் எலும்பில் திருகாணி பதித்து, மூன்று மாதம் ஆறவிட்டு, சட்டைப் பட்டன் அளவுக் கருவியை மாட்டினார்கள். இடப்பக்கச் சத்தம் மண்டை எலும்பு வழியாக நல்ல காதுக்குப் போய்விடும் என்பது ஏற்பாடு. போனது, ஆனால் வரிசைப்படி போனது. எலும்பில் தேங்கிக் கிடந்த பழையதெல்லாம் தீர்ந்த பிறகே இன்றைய சத்தத்துக்கு இடம். கருவி மாட்டியவர் கோப்பில் 'தாமதம்: 41 வருடம்' என்று எழுதிவிட்டு அடுத்த மாதம் வரச் சொன்னார்.

வாரத்துக்கு ஒரு வருடம் வீதம் வந்தது. கம்பெனியில் அவளைத் திட்ட நினைத்தவர்கள் இடப்பக்கம் நின்று திட்டுவதே வழக்கம். ஆத்திரமும் தீரும், வேலையும் கெடாது. அந்த வசவையெல்லாம் மெஷினை ஓட்டியபடியே கேட்டுத் தீர்த்தாள். ரிட்டயராகிப் போன சூப்பர்வைசர் அவள் வேலையைப் புகழ்ந்ததும் அந்தப் பக்கம்தான். பாவி மனுஷன், வலப்பக்கம் வந்து சொல்லியிருக்கலாம்.

அவள் காத்திருந்தது ஒரே ஒரு நாளுக்காக. ஆறு வருடங்களுக்கு முன் வெளியூர் வேலைக்குக் கிளம்பிய ஒரே மகள், அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டாள். போன் போட்டாலும் எடுப்பதில்லை. என்ன தப்பு செய்தோம் என்று யோசித்து யோசித்துத் தாய்க்குத் தூக்கம் போனதுதான் மிச்சம். அந்த நாள் காதில் விழவேண்டிய வாரம் வந்ததும் லீவு போட்டுச் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். வியாழக்கிழமை காலை, குழாய்த் தண்ணீரின் சத்தத்துக்கு நடுவே மகளின் குரல் வந்தது.

"அம்மா, எனக்குப் போகப் பிடிக்கலை. இருன்னு ஒரு வார்த்தை சொல்லு, இருந்துடறேன்."

பிறகு தண்ணீர். பிறகு கதவு சாத்தும் சத்தம்.

நேருக்கு நேர் கேட்கத் தைரியமில்லாமல் இடப்பக்கம் நின்று கேட்டிருக்கிறாள். பதில் வராததும், எந்தப் பக்கம் நின்றோம் என்பதை மறந்து, கோபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். தாய் வாய்விட்டு அழுதாள். முகம் கழுவி, விசாரித்து வைத்திருந்த விலாசத்துக்குப் பஸ் ஏறினாள்.

சாயங்காலம் மகள்தான் கதவைத் திறந்தாள்.

"போகாதடி. இரு," என்றாள் தாய்.

மகள் அசையவில்லை. "இதைச் சொல்ல ஆறு வருஷமாம்மா?"

"இன்னைக்குக் காலையிலதாண்டி கேட்டுது."

மகள் யோசித்துப் பார்த்தாள். அன்று குழாய் வேறு திறந்திருந்தது. வந்துசேர இத்தனை நாள் ஆகியிருக்கும்தான். அம்மாவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, "நாலு நாள் இருந்துட்டுப் போம்மா," என்றாள்.