வெள்ளைக் கம்பியில் ஒரு முடிச்சு

போடிமெட்டு வளைவுகளில் ஜீப்பு திரும்பும்போதெல்லாம் ஜக்கையனின் இடுப்பு சுருக்கென்றது. இந்த மாதம் மலை ஏறி இறங்கியே பாதி உயிர் போயிருந்தது.

"மாப்ளே, மேல் லயத்துல நேத்து சாயங்காலத்துலேர்ந்து நெட்டு செத்துக் கெடக்காம். ஜீப்பு டிரைவர்கிட்டச் சொல்லி அனுப்பிருக்காங்க. போற வழியில இருக்குற கம்ப்ளெயின்ட்டையும் பாத்துட்டு வெரசா போ" என்று முதலாளி சாதிக் பாட்சா காலையில் சொல்லியிருந்தார்.

போடியில் கேபிள் டி.வி. நடத்தியவர் அவர். சீரியல் பார்க்கிற கூட்டமெல்லாம் செல்போனுக்குப் போனதும் பிராட்பேண்டுக்கு மாறினார். போன வருசம் ஏலக்காய்த் தோட்டங்களுக்குள்ளும் லைன் இழுத்தார். கம்பம் நட இடமில்லை. நிழல்மரத்துக்கு நிழல்மரம் கட்டித் தொங்கவிட்ட வெள்ளைக் கம்பிதான் லைன். ஒரு கோடு சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறிக் கத்தியவர்கள், இப்போது அடுப்படியில் உட்கார்ந்து மலேசியாவோடும் குவைத்தோடும் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். லைன் ஒருநாள் செத்தால் அவர்களுக்குச் சோறு இறங்குவதில்லை.

மழைக்கு முன்னால் நிழல்மரங்களில் கிளை கழிக்கும் மாதம் இது. கிளை விழும், கம்பி அறும், ஜக்கையன் மலை ஏறுவான்.

வழியில் இருந்ததையெல்லாம் பார்த்துவிட்டு, தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் மேல் லயத்துக்கு வந்தபோது, பெண்கள் வேலை முடிந்து திரும்பியிருந்தார்கள்.

"வந்துட்டாருய்யா வயர்க்காரரு!" என்றாள் ராக்கு. "அண்ணே, மெதுவாவே பாருங்க. எங்க வீட்டுக்காரரு மலேசியாவுல நேத்துலேர்ந்துதான் நிம்மதியா இருக்காரு."

எல்லோரும் சிரித்தார்கள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டிருந்த சந்திரவல்லி மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணே, நாலு மணிக்குள்ள வந்துருமா?"

"என்ன அவசரம் ஆத்தா?"

"எம் மக பவித்ரா கூப்புடுவா. குவைத்துல ஒரு வீட்டுல வேலை பாக்குறா. வெள்ளிக்கிழமை மட்டும்தான் போனைக் கையில குடுப்பாங்க. இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துக் கேட்டு இன்னைக்கு ஏஜெண்டு அவகிட்ட வர்றான். தரை கழுவுற மருந்துல அவ கையெல்லாம் தோல் உரிஞ்சு கெடக்கு. 'வந்துரவாம்மா'ன்னு போன வாரம் கேட்டா. அப்பாவைக் கேட்டுச் சொல்றேன்னுட்டேன். நேத்து ராத்திரிதான் அந்த மனுசன் வாயைத் தொறந்து, வரச் சொல்லுன்னாரு. சொல்லலாம்னா லைன் இல்ல."

மணி மூன்றைத் தாண்டியிருந்தது. சிக்னல் கிடைக்கிற மெட்டுக்கு அவளை அனுப்பலாமென்றால், ஜீப்பும் ஐந்துக்கு மேல்தான் வரும்.

லயத்துக்கெல்லாம் பொதுவாகச் சுவரில் மாட்டிய பெட்டியிலிருந்து கம்பியை உருவி, முனையில் சிவப்பு லைட்டைச் செருகினான். கம்பிக்குள் ஓடுவது தலைமுடி மாதிரிக் கண்ணாடி இழை. எங்கே பழுதோ அங்கே சிவப்பு வெளியே கசியும்.

கம்பியைப் பார்த்தபடியே சரிவில் இறங்கினான். சந்திரவல்லியும் பின்னாலேயே வந்தாள். காலில் அட்டை ஏறியது. குனிந்து பிடுங்கவும் அவனுக்கு அலுப்பாக இருந்தது. எங்கும் அறுபடவில்லை. அறுந்திருந்தால் ஒட்டிவிடலாம், இது என்ன கோளாறோ.

ஓடைப் பக்கம், மர நிழலில், சிவப்பாக ஒரு பொட்டு.

கழித்துப் போட்ட கிளையிலிருந்த கம்பியை யாரோ எடுத்து, அடிமரத்தோடு மடக்கிச் சுற்றி, சணலால் முடிச்சுப் போட்டிருந்தார்கள். சாய்ந்த ஏலத்தட்டைகளை வாரிக் கட்டுகிற கட்டு. காற்றுக்கும் அசையாது.

"அது நான் கட்டினதுண்ணே" என்றாள் சந்திரவல்லி. "நேத்து வேலை விட்டு வர்றப்ப தரையில கெடந்துச்சு. யாராச்சும் மிதிச்சு அத்துட்டா, பிள்ளை பேச முடியாதேன்னு இறுக்கிக் கட்டினேன். பாருங்க, அப்படியே இருக்கு."

ஜக்கையனுக்கு வாய்வரை வந்தது. கரண்டு வயரை எப்படியும் மடக்கலாம். கண்ணாடியை இப்படி நெரித்தால் வெளிச்சம் அந்தப் பக்கம் போகாது, லைன் செத்துவிடும்.

"கொஞ்சம் தளத்திக்கிறேன் ஆத்தா" என்று மட்டும் சொல்லிச் சணலை அறுத்தான். கம்பி விரிந்தது. சிவப்புப் பொட்டு மறைந்தது.

மூச்சு வாங்க மேடேறி வந்து பெட்டியில் கம்பியை மாட்டினான். பச்சை எரிந்தது. சந்திரவல்லியின் போன் அதிர்ந்தது. பவித்ரா கூப்பிட்டுக் கிடைக்காத அழைப்புகள், ஒன்றன்பின் ஒன்றாக. கடைசியில் ஒரு குரல் பதிவு.

"அம்மா, லைனே கெடைக்கல. ஏஜெண்டு நேரத்தோட வந்து நிக்கிறான். அப்பா வேணாம்னுட்டாரு போலன்னு நெனச்சுக்கிட்டேன். கையெழுத்துப் போட்டுட்டேம்மா. கை பரவால்ல, நீ கவலைப்படாத. அடுத்த வெள்ளிக்கிழமை பேசுறேன்."

சந்திரவல்லி திருப்பி அழைத்தாள். மறுபடியும் அழைத்தாள். போனை வாங்கி வைத்துவிட்டார்கள் போல.

"எதனாலண்ணே லைன் போச்சு?"

"கீழ டவுன்ல ஏதோ கோளாறு ஆத்தா."

அவன் சட்டைப் பையிலிருந்து அறுத்த சணல் நீட்டிக்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரோட்டில் ஜீப்பு ஹாரன் அடித்தது. ஜக்கையன் பையைத் தோளில் மாட்டினான்.

"நில்லுங்கண்ணே."

உள்ளே போய்ப் புதுச் சணல் ஒன்றை எடுத்து வந்தாள்.

"எப்படிக் கட்டணும்னு காட்டிட்டுப் போங்க. இன்னும் ரெண்டு வருசம் ஓடணும்ல."

ஜீப்பு மறுபடியும் ஹாரன் அடித்தது. ஜக்கையன் பையை இறக்கி வைத்தான்.