லூவெனியா உட்கார்ந்த ஞாயிறு

1996-ம் ஆண்டு மே மாதம் இரண்டாம் ஞாயிறன்று, காலை பதினொன்றரை மணிக்கு, ஓசெல்லா பர்ரெஜின் ஊதாத் தொப்பி அவர் தலையை விட்டு நான்கு விரற்கடை உயரம் எழும்பி அங்கேயே நின்றது. மில்வாக்கி வடக்குப் பகுதியில் உள்ள எங்கள் பாப்டிஸ்ட் சபையில், போதகர் தன் பிரசங்கத்தில் யோனாவை மீனின் வயிற்றிலிருந்து வெளியே கொண்டுவந்துகொண்டிருந்த நேரம் அது. ஏரிக் காற்றின் வேலை என்று நினைத்து ஜன்னல்களைச் சாத்தினார்கள். சாத்திய பிறகும் தொப்பி இறங்கவில்லை. பின்வரிசைக்காரர்களுக்கு இதில் வருத்தம் ஒன்றுமில்லை. தொப்பிக்கும் தலைக்கும் நடுவே இருந்த இடைவெளியில், பல வருடங்களுக்குப் பிறகு அவர்களுக்குப் போதகரின் முகம் தெரிந்தது. ஆராதனை முடிந்ததும் ஓசெல்லாவைச் சுற்றி நின்று, அந்த நேரத்தில் என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்று கேட்டார்கள். இருபத்தெட்டு வருடம் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். “ஒண்ணும் நினைக்கல. வெயில் முதுகுல இதமா பட்டுச்சு. செருப்பு கடிக்கல. அவ்வளவுதான்” என்றார்.

அந்தக் கோடை முடிவதற்குள் இருபத்தாறு பெண்களின் தொப்பிகள் எழும்பிவிட்டன. சபைக் காரியங்களைக் கவனிக்கிற டீக்கன் ஹோரேஸ் தையல் நாடாவால் அளந்து பார்த்ததில், அதிகபட்சம் ஒரு முழம், குறைந்தபட்சம் தீப்பெட்டி அளவு. எழும்பிய தொப்பிகளுக்கெல்லாம் பொதுவான விஷயம் ஒன்றுதான்: எழும்பிய நேரத்தில் அதன் சொந்தக்காரி எந்தக் காரணமும் இல்லாமல் மகிழ்ச்சியாக இருந்தாள். மகனுக்கு வேலை கிடைத்தது, வைத்தியச் சோதனையில் ஒன்றும் இல்லை என்பது போன்ற காரணமுள்ள மகிழ்ச்சிக்குத் தொப்பி அசையவில்லை. அதைப் பெண்கள் நிம்மதி என்று வேறு கணக்கில் வைத்தார்கள்.

இதைக் கண்காட்சியாக வைக்கலாம் என்று சொன்னது ட்ரெனிஸ், உயர்நிலைப் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுப்பவள். நகரத்தில் ஒரு காட்சிக்கூடத்துக்காரர்கள் அவளிடம் கறுப்பினப் பெண்களின் படங்கள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். எடுத்துப்போய்க் காட்டினாள். சிரிக்கிற படங்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு, சவ அடக்கத்தில் அழுகிற இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அந்த இரண்டையும் பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள். கண்காட்சியை நம் இடத்திலேயே வைப்போம் என்றாள்: சபையின் கீழ்த்தள விருந்து மண்டபத்தில், செப்டம்பர் கடைசி ஞாயிறு, பேருக்கு ஒரு நாற்காலி, நாற்காலிக்கு மேலே காற்றில் அவரவர் தொப்பி. கம்பியும் கிடையாது, நூலும் கிடையாது. தொப்பியை அவரவர்தான் கழற்றி வைக்கவேண்டும். அடுத்தவளின் புருஷனைப் பார்த்துக் கண்ணடித்தவளுக்குக்கூட எங்கள் சபையில் மன்னிப்பு உண்டு. அடுத்தவளின் தொப்பியைத் தொட்டவளுக்குக் கிடையாது.

நாற்காலிகள் இருபத்தேழு. இருபத்தேழாவது, விட்டுவிட மனமில்லாமல் ட்ரெனிஸ் போட்டது, லூவெனியா ஸ்ட்ரிக்லண்டுக்கு. முப்பத்தொரு வருடமாக வாசல் ஊழியர்களின் தலைவி அவர். வெள்ளை உடுப்பு, வெள்ளைக் கையுறை, இடது கை முதுகுக்குப் பின்னால். வருகிறவர்களை இடம் பார்த்து உட்காரவைப்பார், மயங்கி விழுகிறவர்களைத் தாங்கிப் பிடிப்பார், சூயிங்கம் மெல்லுகிறவர்களுக்கு முன்னால் காகிதக் கைக்குட்டையை நீட்டிக்கொண்டு துப்பும்வரை நிற்பார். வாசலில் நிற்பவர் தொப்பி அணிவது வழக்கமில்லை. அவரிடம் மஞ்சள் தொப்பி ஒன்று இருந்தது. தபால் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த வருடம் ஆசைப்பட்டு வாங்கி, பெட்டியோடு அலமாரி மேல் வைத்தது. ஒரு ஞாயிறுகூட தலையில் ஏறவில்லை. அதைக் கொண்டுவந்து தன் நாற்காலிக்கு மேலே பிடித்து, கையை விட்டார். தொப்பி பொத்தென்று நாற்காலியில் விழுந்தது. யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து ஆறு தடவை விட்டுப்பார்த்தார். ஆறு தடவையும் விழுந்தது.

“என் நாற்காலிய எடுத்துடு கண்ணு. இருபத்தாறே போதும், வரிசை அழகா இருக்கும்” என்று ட்ரெனிஸிடம் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்த ட்ரெனிஸ் நாற்காலியை எடுக்கவில்லை.

விஷயம் பெண்கள் காதுக்குப் போனது. லூவெனியாவை மகிழ்விக்க, எங்கள் சபைக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார்கள்: ஒரு சனிக்கிழமை அவருக்குப் பாராட்டு விருந்து. நூற்றிருபது பேர். கோழி வறுக்க ஒருத்தி, கீரை வேகவைக்க ஒருத்தி என்று பிரித்துக்கொண்டு உருளைக்கிழங்கு சாலட்டுக்கு வந்தபோது ஒருத்தியும் கை தூக்கவில்லை. எங்கள் ஊரில் அந்தக் கிண்ணத்தைக் கண்டால் முதலில் யார் செய்தது என்று கேட்பார்கள், பதில் வந்த பிறகுதான் கரண்டியைத் தொடுவார்கள். இந்தச் சபையில் லூவெனியா செய்ததைத் தவிர வேறு எதையும் யாரும் தொட்டதில்லை. ஆகவே தன் பாராட்டு விருந்துக்கு லூவெனியாவே இருபது கிலோ கிழங்கைத் தோலுரித்தார். நான்கு பேர் அவரைப் புகழ்ந்து பேசினார்கள். கேடயம் கொடுத்தார்கள். அதை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, தட்டுகளை அடுக்கிக்கொண்டு போனார். அன்று மாலை மஞ்சள் தொப்பி விழுந்த வேகத்தில் நாற்காலி கிறீச்சிட்டது என்று ட்ரெனிஸ் சொல்கிறாள்.

கண்காட்சி நாளும் வந்தது. ஆராதனை முடிந்த கையோடு ஊரே கீழ்த்தளத்தில் இறங்கியது. இருபத்தாறு தொப்பிகளும் ஊதாவும் சிவப்பும் இறகும் வலையுமாக மிதந்தன. சொந்தக்காரிகள் தங்கள் தொப்பிக்குக் கீழே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். லூவெனியா வாசலில் நின்றார். அவர் நாற்காலியில் தொப்பி கிடந்தது. வந்தவர்கள் கண்டும் காணாததுபோல் கடந்தார்கள். அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது. ஓசெல்லா எழுந்து நேராக வாசலுக்கு வந்தார்.

“அடியே லூவெனியா, கையுறைய கழட்டு.”

“எதுக்கு?”

“கழட்டுன்னா கழட்டு.”

“வாசல்ல யாருடி நிப்பா?”

“கதவு நிக்கும். அதுக்குத்தான் அத வச்சிருக்கு.”

“வர்றவங்கள யாரு உக்கார வைப்பா?”

“அவங்கவங்களுக்கு முட்டி இருக்கு, தானே மடங்கும். நட!”

கையைப் பிடித்து இழுத்துப்போய், மஞ்சள் தொப்பியை லூவெனியாவே எடுத்து அணிந்துகொள்ளும்வரை காத்திருந்து, தோளை அழுத்தி உட்காரவைத்தார். முதல் அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. தரையில் சிந்தியிருந்த ரொட்டித் துணுக்கிலிருந்து லூவெனியாவின் கண் அகலவில்லை. கழிப்பறை எங்கே என்று ஒருவர் கேட்டபோது பாதி எழுந்துவிட்டார். ஓசெல்லா முறைத்ததும் உட்கார்ந்தார். அப்போது டீக்கன் ஹோரேஸ் ஒரு காகிதத் தட்டை அவர் மடியில் வைத்துவிட்டுப் போனார். லூவெனியா ஒரு வாய் எடுத்தார். மென்றார். நிறுத்தினார்.

“இந்த சாலட்ட யாரு செஞ்சது?”

“நான்தான் சிஸ்டர். இன்னிக்கு உங்கள அடுப்புகிட்ட விடக் கூடாதுன்னு ஓசெல்லா உத்தரவு” என்றார் டீக்கன்.

“இதுல உலர்ந்த திராட்சை கிடக்கு.”

“ஆமா சிஸ்டர். பார்வைக்கு நல்லா இருக்கும்னு...”

“ஹோரேஸ், உங்கள பெத்தவங்க கிறிஸ்தவங்கதானா?”

யாரோ ஒருவர் களுக்கென்றார். லூவெனியா சுற்றிலும் பார்த்தார். உலகத்திலேயே மோசமான அந்த சாலட்டை நூறு பேர் நின்றுகொண்டு தின்றுகொண்டிருந்தார்கள். வாசலில் யாரும் இல்லை. ஜனங்கள் தாமாக வந்தார்கள், தாமாகப் போனார்கள். துணுக்குகள் தரையிலேயே கிடந்தன. கூரை இடிந்து விழவில்லை. முதலில் அவர் தோள் குலுங்கியது. பிறகு வயிறு. முப்பத்தொரு வருடம் உதட்டை இறுக்கி நின்ற பெண்மணி, வாயைப் பொத்தாமல், தலையைப் பின்னால் சாய்த்து, தட்டு நழுவி விழுவதையும் கவனிக்காமல் சிரித்தார். சிரிப்பு அடங்கிய பிறகும் எழுந்து ஒன்றையும் துடைக்கவில்லை. முதுகை நாற்காலியில் நன்றாகச் சாய்த்து, மூச்சை விட்டு, சும்மா இருந்தார். தொப்பி தலையிலேயே இருந்தது. லூவெனியாதான் எழும்பினார், நாற்காலியோடு சேர்ந்து. மற்ற தொப்பிகளையெல்லாம் தாண்டி, ஐந்தடி நான்கு அங்குலம். டீக்கன் மேஜைமேல் ஏறி அளந்தார்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அவர் உட்கார்ந்தால் எழும்புவது வழக்கமாகிவிட்டது. ஞானஸ்நானத் தொட்டி அங்கிருந்து நன்றாகத் தெரிகிறது என்றார். மூன்றாவது ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு, லூவெனியா விருந்து மண்டபத்தில் மிதந்துகொண்டிருந்தபோது, டீக்கன் ஹோரேஸ் கையில் ஒரு மின்சார பல்போடு வந்து கீழே நின்றார். நடு விளக்கு எரியவில்லையாம்.

“சிஸ்டர், எப்படியும் மேலதான் இருக்கீங்க, அப்படியே கைய நீட்டி இத மட்டும்...”

லூவெனியா ஒரு காலை இன்னொரு கால்மேல் போட்டுக்கொண்டு, விசிறியை எடுத்து மெதுவாக விசிறினார். “டீக்கன், நான் உக்காந்திருக்கேன்” என்றார்.

புதன்கிழமை சபைக் கூட்டம் கூடி, ஒரு ஏணி வாங்குவதென்று ஏகமனதாக முடிவு செய்தது.