களவெடுத்தது யார்

மக்டலீன் சவப்பெட்டியின் மூடியைப் பிடித்தபடி நின்றார். பியூனரல் ஹோம் ஊழியர்கள் இருவரும் பயிற்சி பெற்ற துக்கத்தோடு கையைக் கட்டிக்கொண்டார்கள். கோயிலில் சுவாமியார் அடக்கப் பூசைக்குக் காத்திருந்தார்.

“உள்ளுக்குக் கிடக்கிறவர் கள்ளனோ இல்லையோ எண்டு தெரியாமல் நான் மூடவிடன்.”

உள்ளே கிடந்த அவர் கணவர் யேசுரட்ணம் வழமைபோல் எதிர்த்துப் பேசவில்லை.

பிரேதத்துக்குப் போடக் கோட்டு எடுத்தபோதுதான் அதன் பைக்குள்ளிருந்து மகன் கிளிபோட்டின் கையில் அந்தக் கடிதம் அகப்பட்டது. ‘நான் கண்டெடுத்ததை உமது பெயரில் எழுதிக்கொண்டீர். இது களவு. ஊரறியச் செய்வேன்.’ கையெழுத்து அமிர்தநாதருடையது. ரொறொன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் இவர்களுடைய கட்டடத்திலேயே இரண்டு மாடி மேலே இருப்பவர். முத்திரை ஒட்டித் தபாலில் போட்டிருந்தார்.

“லிஃப்ற்றில இறங்கி வந்து சொல்லலாம்தானே? தபாலில போட்டது வெருட்டத்தான்,” என்றார் அம்மா. அதன்பிறகு, மலிவு சேலில் வாங்கியதாகச் சொல்லி அப்பா கொண்டுவந்த பாண் வாட்டும் ரோஸ்ரரைக்கூட அவர் ஒரு மாதிரியாகவே பார்த்தார்.

கிளிபோட் வெளியே போய், கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற அமிர்தநாதரைப் பிடித்தான்.

“அங்கிள், அப்பா உங்களிட்டை என்னத்தை எடுத்தவர்?”

“வால்வெள்ளி.”

ஒரு பங்குனியில் ரொறொன்ரோ வானத்தில் வெறுங்கண்ணுக்கே ஒரு வால்வெள்ளி தெரிந்தது. அதைப் பற்றிப் படிக்க லைப்ரரிக்குப் போன அப்பாவுக்கும் அமிர்தநாதருக்கும் ஒரு பழைய கடிதத் தொகுப்பு அகப்பட்டது. நூற்றெண்பது வருடத்துக்கு முந்திய இரண்டு வானியலாளர்கள். ஒருவர் வால்வெள்ளியைக் கண்டு மற்றவருக்கு எழுத, மற்றவர் அதைத் தானே கண்டதாக அறிவித்துவிட்டார். பிறகு சாகும்வரை கடிதத்தில் சண்டை. புத்தகம் முடிந்ததும், இவர்கள் ஆளுக்கொரு வானியலாளராக மாறிச் சண்டையைத் தொடர்ந்தார்கள். அவர்கள் தபாலில் எழுதியதால் இவர்களும் தபாலில்.

“அப்ப அப்பா கள்ளன்ர பக்கமோ?”

“ஓம். ஆனா தன்ர ஆள் களவெடுக்கேல்லை எண்டு ஆறு பக்கம் எழுதுவான். வாசிச்சால் எனக்கே சந்தேகம் வரும்.” அமிர்தநாதர் கோப்பியைக் குடிக்காமல் குப்பையில் போட்டார்.

கிளிபோட் உள்ளே வந்து அம்மாவிடம் விளக்கினான். அம்மா பொறுமையாகக் கேட்டார்.

“வானத்தில போறதை ஒருத்தன் களவெடுக்கிறதோ? உண்மையைச் சொல்லு, உனக்கும் பங்கு தந்தவரோ?”

அதற்குள் அமிர்தநாதர் பெட்டியடிக்கு வந்துவிட்டார். மண்டபத்தில் செபமாலை சொன்னவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

“அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ. இவர் எடுத்தவரோ?”

அமிர்தநாதர் யேசுரட்ணத்தின் முகத்தைச் சற்றுநேரம் பார்த்தார்.

“இல்லை, தங்கச்சி.”

“அப்ப ஆர் எடுத்தது?”

“நான்தான். எடுத்துப்போட்டு அவனில பழியைப் போட்டு எழுதினனான்.”

கிளிபோட் வாயைத் திறந்தான். அமிர்தநாதர் அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

அம்மா மூடியிலிருந்து கையை எடுத்தார். அப்பாவின் கழுத்துப்பட்டியை ஒருமுறை நேராக்கினார். “எனக்குத் தெரியும்,” என்றார், பெட்டியைப் பார்த்து. பிறகு அமிர்தநாதரின் பக்கம் திரும்பினார்.

“வந்து பெட்டியில ஒரு கை பிடியுங்கோ.”

முன்வரிசையில் செபமாலையோடு இருந்த வேரோனிக்கா அன்ரி காலடியில் கிடந்த கைப்பையைத் தூக்கி மடியில் வைத்து, ஸிப்பை இழுத்துப் பூட்டினார். அமிர்தநாதர் அவரைக் கடந்து தலைமாட்டுப் பக்கம் போய்க் கைப்பிடியைப் பிடித்தார்.