எரியாத சோப்பு

எரியாத சவர சோப்பைக் கண்டுபிடித்துவிட்டதாக எங்கள் ஊர் வெள்ளக்கடை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது தப்பு என்று தெரிந்த காலையில் என் இடது கன்னத்திலிருந்து கழுத்துவரை ரத்தம் இறங்கியிருந்தது. அதுவும் எனக்குத் தெரியவில்லை.

சவரம் எனக்கு எப்போதும் தண்டனைதான். டப்பாவில் வரும் நுரை, டியூபில் வரும் கிரீம், எதைப் போட்டாலும் முகம் மிளகாய் பூசியதுபோல் எரியும். காப்பி எஸ்டேட்டில் ஆள்கணக்கு எழுதும் ரைட்டர் வேலை. முள்தாடியோடு போய் ஆட்களின் முன் நிற்க முடியாது. இந்த அறுவடை தொடங்கும்போது, ஏற்காடு கடைத்தெருவில் கடை வைத்திருக்கும் லூர்துராஜ் பழைய வழி ஒன்றைச் சொன்னார். சோப்புக் குச்சி. பெருவிரல் தடிமன் இருக்கும். முகத்தை நனைத்து, தாடிமேல் நேராகத் தேய்த்து, பிரஷ்ஷால் சுழற்றினால் நுரை எழும். அவரிடம் மூன்று வகை இருந்தது. மூன்றும் மலிவு.

"மூணையும் கொண்டு போங்க ரைட்டரே. எது எரியலையோ அதைச் சொல்லுங்க, பெட்டியாவே எறக்கிடறேன். என் மூஞ்சி கருங்கல்லுங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது."

ஒப்பிடுவது என்றால் எனக்கு ஒழுங்கு வேண்டும். இடது கன்னத்துக்குப் பச்சைத் தாள் சுற்றியது, வலது கன்னத்துக்குச் சிவப்பு. ஒரே தண்ணீர், ஒரே பிளேடு. சிவப்பு சீக்கிரம் நுரைத்தது, சந்தன வாசம் வேறு. ஆனால் பிளேடு வருவதற்குள் காய்ந்துபோய் வலது கன்னம் தீயாக எரிந்தது. பச்சை அந்தக் குளிரில் கல்லாக இறுகிக் கிடந்தது. பத்துப் பதினைந்து முறை தேய்த்தால்தான் கொஞ்சம் நுரை. வாசமும் கிடையாது. ஆனால் எரிச்சல் துளிகூட இல்லை. அடுத்த வாரம் சிவப்பின் இடத்தில் வெள்ளைத் தாள் சோப்பை வைத்தேன். எலுமிச்சை வாசம், தண்ணீர்போல் நுரை, அதே எரிச்சல். பச்சை ஜெயித்துவிட்டது.

அதுவரை முகம் எரிகிறது என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். எந்தப் பக்கம் என்று ஒருநாளும் என்னையே கேட்டுக்கொண்டதில்லை.

லூர்துராஜ் பச்சையை இரண்டு பெட்டி இறக்கினார். எஸ்டேட் ஜீப் ஓட்டும் எல்வின்தான் முதலில் வாங்கினான். மறுநாளே வந்து நின்றான்.

"என்னங்க ரைட்டரே, பன்னீர்னு சொன்னீங்க. நெருப்புங்க அது. பாருங்க, தாடை எப்படிச் செவந்து கெடக்குதுன்னு."

"பிளேடை மாத்துப்பா. ஒரே பிளேடை வருசம் பூரா போட்டா எரியாம என்ன பண்ணும்?"

பழம் பறிக்கும் இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அவன் தாடையைத் தடவிக்கொண்டே போனான்.

என்னை நிறுத்தியது பழம் பறிக்கும் முத்தாயி. பறிப்பவர்களுக்குச் செடி வரிசையைப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. அந்த வரிசைக்கு நிரை என்று பெயர். ஒரே நிரை ஒருவருக்கே போகக்கூடாது, தினம் மாற்றவேண்டும். அந்த வாரம் பனிமூட்டத்தில் சோம்பி மாற்றாமல் விட்டிருந்தேன். சாயங்காலம் எடை போடும்போது காவேரியின் கூடையைப் பார்த்து, "கைன்னா இதுதான் கை" என்று சொல்லிவிட்டேன். முத்தாயி கூடையைத் தொப்பென்று வைத்தாள்.

"ஏனுங்க, நாலு நாளா ஓடையோரத்து நிரை அவளுக்கே. செடி காய்ச்சுத் தொங்குது, கை என்னங்க பண்ணுது அதுல? நாளைக்கு மாத்திப் போடுங்க. அப்பறம் பேசுங்க கையைப் பத்தி."

"பொறாமைங்க அவளுக்கு" என்றாள் காவேரி.

"ஆமா, உன் கையைப் பார்த்துப் பொறாமையாக்கும்! உனக்கு வந்த செடியைப் பார்த்துத்தான் பொறாமை புள்ள."

நான் சிரிக்கவில்லை. இருபது வருடமாக ஆட்களுக்கு நிரை மாற்றுகிறவன், சோப்பை ஏன் மாற்றிப் பார்க்கவில்லை என்று யோசித்துக்கொண்டு நின்றேன். எடைக்கல்லை எடுக்கச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டார்களாம்.

மறுநாள் காலை வலது கன்னத்தில் பச்சையைத் தேய்த்தேன். இடதில் சிவப்பு. பிளேடு இறங்கியதும் வலது எரிந்தது. பச்சைதான், இரண்டு பெட்டி இறக்கிய பச்சைதான், எரிந்தது. இடதில் சிவப்பு வெண்ணெய்போல் போனது. சிவப்பைக் கழுவிவிட்டு அங்கே வெள்ளையைப் போட்டேன். வெண்ணெய். அதையும் கழுவிவிட்டு, சோப்பே இல்லாமல், வெறும் கன்னத்தில் பிளேடை வைத்து இழுத்தேன்.

ஒன்றுமில்லை.

படிகாரத்தை நனைத்து வலதில் வைத்தேன். கண்ணில் நீர் வந்தது. இடதில் வைத்தேன். அழுத்தினேன். கண்ணாடியில் ஒருவன் தன் கன்னத்தில் கல்லை அழுத்திக்கொண்டிருந்தான். அவன் எனக்கு யாரோ.

"ஏனுங்க, என்னங்க இது ரத்தம்!" என் மனைவி சசிகலா டம்ளரோடு வாசற்படியில் நின்றாள். "பனியன் பூரா ஆயிருச்சு."

"எங்க?"

"எங்கயாமா? கன்னத்துலதானுங்க. வெட்டினது தெரியலீங்களா?"

"தண்ணி சில்லுனு இருக்குது. மரத்துப் போச்சு" என்றேன்.

அவள் ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். துணி வருவதைப் பார்த்தேன். வந்து சேர்ந்தது தெரியவில்லை. ரத்தம் நின்றபிறகு பார்த்தபோது, காதுக்குக் கீழே எட்டணா அளவுக்குத் தோல் வெளுத்திருந்தது. அந்த இடத்தில் தாடியும் சரியாக வளரவில்லை. அந்தப் பக்கமே மரத்திருந்ததால்தான் சவரம் அவ்வளவு சுகமாக இருந்திருக்கிறது.

இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. நான் பேசாமல் இருப்பது வீட்டில் புதிதல்ல என்பதால் சசிகலா எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். நர்ஸ் ஐஸ்வர்யா பஞ்சின் நுனியை நூலாகத் திரித்தாள்.

"கண்ணை மூடிக்கங்கண்ணா. நான் தொடற எடத்தை வெரல்ல காட்டுங்க."

காட்டினேன். நெற்றி. வலது கன்னம். மூக்கு. மறுபடி வலது கன்னம். தாடை. ஒவ்வொன்றுக்கும் இடையில் நெடுநேரம் விட்டாள். நிதானமான பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

"எத்தனை தடவை தொட்டேனுங்க?"

"அஞ்சு."

"பதினொண்ணுங்கண்ணா" என்றாள்.

டாக்டர் பார்த்தார். காதுக்குக் கீழே நரம்பை விரலால் உருட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: தொழுநோய். அந்தச் சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது என்றே நான் நினைத்ததில்லை. எதிரில் இருந்த நாற்காலியின் பிளாஸ்டிக் விரிசலைப் பார்த்தபடி இருந்தேன். அவர் பேசிக்கொண்டே போனார். முழுசாகக் குணமாகும், மாத்திரை இலவசம், ஆரம்பித்துவிட்டால் மற்றவர்களுக்குப் பரவாது, வேலைக்குப் போகலாம். மரத்துப்போன இடத்துக்கு உணர்ச்சி திரும்புமா என்பதை மட்டும் இப்போதே சொல்ல முடியாது. கூட இருப்பவர்களையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

சாயங்காலம் சசிகலாவிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து என்னெதிரே உட்கார்ந்தாள்.

"மாத்திரை இருக்குதுங்கள்ல?"

"இருக்குது."

"அப்பறம் என்னங்க. ரெண்டு நாளா வாயைக் கட்டிக்கிட்டு இருந்தீங்களே, அதுக்குத்தான் மாத்திரை இல்ல."

மறுநாள் மத்தியானம் ஐஸ்வர்யா ஸ்கூட்டரில் வீட்டுக்கே வந்தாள். சசிகலா தலைசீவி, பள்ளிக்கூடப் பெண்போல் நேராக உட்கார்ந்தாள். முதுகு, முகம், தோள் எல்லாம் பார்த்து முடித்து ஐஸ்வர்யா கைகளைத் திருப்பினாள். வலது கையில், சுண்டு விரல் ஓரமாக, நீளமாக ஒரு சூட்டுத் தழும்பு. பதினெட்டு வருடம் அந்தக் கையால் சாப்பிட்டிருக்கிறேன். நான் அதைப் பார்த்ததில்லை.

"இது எப்பங்கக்கா ஆச்சு?"

"அடுப்புல பட்டிருக்கும் கண்ணு. எப்பன்னு தெரியல."

"வலிச்சுதுங்களா?"

"இல்லியே."

ஐஸ்வர்யா என்னைப் பார்க்கவில்லை. பஞ்சைப் புதிதாகத் திரித்தாள். கண்ணை மூடச் சொன்னாள். சசிகலா மூடிக்கொண்டாள், உதட்டில் கொஞ்சம் சிரிப்புக்கூட இருந்தது. பனி ஜன்னலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"உம், ஆரம்பிங்க கண்ணு" என்றாள் சசிகலா.

பஞ்சு அவள் சுண்டு விரலின் மேல் இருந்தது.