ரெண்டு பேருக்கு விட்ட வீடு

எனக்கு வாய் அதிகம் என்பது என் கணவரின் குடும்பமே ஏகமனதாக ஒத்துக்கொண்ட விஷயம். கல்யாணமான புதிதிலேயே என் நாத்தனார் எனக்கு ‘லவுட்ஸ்பீக்கர்’ என்று பெயர் வைத்துவிட்டாள். தராசில் காய்கறிக்காரர் கட்டைவிரலை அழுத்தினால் தெருமுனை வரை கேட்கும்படி கேட்டுவிடுவேன். அப்பேர்ப்பட்ட நான், தலைக்கு மேல் கூரை பெயர்ந்து விழுந்துகொண்டிருந்தபோது மாதக்கணக்கில் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

காரணம் என் மாமனார். அவர் ஒன்றும் செய்யவில்லை, பாவம். அவர் எங்களோடு இருந்தார், அவ்வளவுதான்.

வீடு பார்க்க வந்த அன்றே வீட்டுக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். “புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்குத்தான் விடுவேன். மூணாவது ஆள் வந்தா தண்ணி பத்தாது. அப்புறம் கீழ் வீட்டுக்காரங்க என் உயிரை வாங்குவாங்க.” நாங்கள் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினோம். அப்போது நாங்கள் இரண்டு பேர்தான். அந்த வாடகைக்கு வேறு எங்கேயும் மாட்டுக்கொட்டகைகூடக் கிடைக்காது. என் கணவர் மருந்துக்கடையில் பில் போடுகிறார், நான் துணி துவைக்கும் மெஷின் கம்பெனியில் புகார் போன் எடுக்கிறேன். மாதக் கடைசியில் இழுபறிதான்.

மாமியார் போன பிறகு மாமா தன் மூத்த மகனோடு இருந்தார். பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் இழுக்க ஆரம்பித்ததும் அங்கிருந்து போன் வந்தது. “கொஞ்ச நாள் நீங்க வச்சுக்கோங்களேன்” என்றாள் ஓரகத்தி, ஊருக்குப் போகிறவர்கள் பூந்தொட்டியைக் கொடுத்துவிட்டுப் போவது மாதிரி. நான் கோபமாகத்தான், “தாராளமா அனுப்புங்க, எங்க வீட்ல இடமா இல்ல?” என்றேன். இடம் இல்லை. ஆனாலும் வந்தார். ஒரு பை, ஒரு கைத்தடி, ஒரு ரேடியோ.

மாமா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள்ளும் அதே பழக்கம்தான். சமையலறையில் நானும் அவர் மகனும் முட்டிக்கொண்டால், “உள்ள நகருங்க, உள்ள நகருங்க, வாசல்ல நிக்காதீங்க” என்பார். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். என்னிடம் பயப்படாமல் பேசுகிற ஒரே ஆள் அந்த வீட்டில் அவர்தான்.

எங்களுக்கு இருந்தது ஒரே அறை, ஒரு சமையலறை. கட்டில் போட ஒரே ஒரு சுவர் ஓரம்தான் தோது. மாமாவால் தரையில் படுத்து எழ முடியாது, அதனால் கட்டில் அவருக்கு. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி சரியாக அந்தக் கட்டிலுக்கு மேலே இருந்தது. தொட்டி கசிந்து கசிந்து கூரை ஊறிப்போய், முதலில் சுண்ணாம்பு உதிர்ந்தது. பிறகு சிமெண்ட் பூச்சு வயிறு மாதிரி உப்பியது. ஒரு நாள் காலை கையகலத் துண்டு ஒன்று அவர் போர்வை மேல் விழுந்து கிடந்தது. அதைத் தட்டிவிட்டு, “மேல இருந்து சில்லறை போடுறாங்கம்மா” என்றார். அடுத்தது தலையில் விழுந்தால்?

வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். “பாத்துக்கலாம்மா” என்றார். போட்டோ அனுப்பினேன், கட்டில் தெரியாமல், கூரை மட்டும் தெரிகிற மாதிரி. “போட்டோல ஒண்ணும் புரியல, நேர்ல வந்து பாக்குறேன்” என்றார். வரவில்லை. இந்தப் பசப்பெல்லாம் எனக்குத் தெரியாதா? ஆபீஸில் நானே நாள் முழுக்க இதைத்தான் செய்கிறேன். ‘முடியாது’ என்று வாயைத் திறந்து சொல்லக்கூடாது, ‘பதிவு பண்ணிட்டோம்’ என்று சொல்ல வேண்டும். வேறு வீட்டுக்காரராக இருந்திருந்தால் அவர் வாசலில் போய் உட்கார்ந்திருப்பேன். ஆனால் சத்தம் போட்டால் வருவார், வந்தால் மாமாவைப் பார்ப்பார், பார்த்தால் வீடு போய்விடும். கீழ் வீட்டு அக்காவுக்கு மாமா இருப்பது தெரியும். அவர் வீட்டிலும் கணக்கில் வராத தம்பி ஒருவன் இருந்ததால் அவர் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாக வீட்டுக்காரரே போனில் சொன்னார். மாமாவை எங்கே வைப்பது என்று முந்தின சாயங்காலம் மூன்று பேரும் யோசித்தோம். சினிமாவுக்கு அனுப்பலாமா? காசு, தியேட்டர் படிக்கட்டு. கீழ் வீட்டில் உட்காரவைக்கலாமா? வீட்டுக்காரர் முதலில் அங்கேதான் போவார்.

“நான் பஸ் ஸ்டாப்புல போய் உக்காந்துக்கிறேன்” என்றார் மாமா. “பஸ் ஸ்டாப்புல உக்காந்திருக்கவன யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. வாழ்க்கை பூரா பஸ்ல நின்னாச்சு, ஒரு நாள் உக்காந்துதான் பாக்குறேனே.”

என் கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். “வேணாம் மாமா” என்று நான் சொல்லியிருக்க வேண்டும். “அதுவும் நல்ல யோசனைதான் மாமா” என்று சொன்னேன். அவர் பேசி முடிப்பதற்குள் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

காலையில் கணவர் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் நிழலில் உட்காரவைத்துவிட்டு, அப்படியே கடைக்குப் போய்விட்டார். ஞாயிறு என்றாலும் அவருக்கு முறை. “நீயே பேசிக்கோ, உனக்குத்தான் பேச வரும்” என்றார். நான் வீட்டை ஒழித்தேன். மாமாவின் பல் துலக்கும் பிரஷ், மாத்திரை டப்பா, ரேடியோ, மூன்றாவது தட்டு, எல்லாவற்றையும் அழுக்குத்துணி மூட்டைக்குள் திணித்தேன். கட்டில்மேல் மடித்த துணிகளை அடுக்கினேன். கொஞ்ச நேரம்தான் ஆனது. ஒரு ஆள் அங்கே வாழ்ந்த சுவடே இல்லை. எனக்கே என்னவோ போல இருந்தது.

காலையில் வருகிறேன் என்றவர் மதியம் சாய்ந்துதான் வந்தார். இரண்டு முறை ஓடிப்போய் மாமாவைப் பார்க்க நினைத்தேன். அந்த நேரம் பார்த்து வந்துவிடுவாரோ என்று போகவில்லை.

வீட்டுக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். “வண்டி ஒர்க்‌ஷாப்ல நிக்குது, பஸ்ல வந்தேன். செம வெயில்.” கூரையை நிமிர்ந்து பார்த்தார். கையிலிருந்த குடையால் ஒரு தட்டு தட்டினார். உப்பியிருந்த பூச்சு பொத்தென்று பெயர்ந்து, துணி அடுக்கின் மேல் விழுந்தது. மாமா தலை வைக்கும் இடம்.

“ஐயையோ” என்றார் வீட்டுக்காரர். நிஜமாகவே பதறிப்போனார். “இங்க யாரும்மா படுக்கிறது?”

என் வாயைப் பற்றி அவ்வளவு சொன்னேனே. அந்த வாய் சொன்னது: “யாரும் படுக்கிறதில்ல சார். நாங்க ரெண்டு பேரும் தரையிலதான். இது சும்மா துணி வைக்கிறதுக்கு.”

அவர் முகம் தெளிந்தது. “அப்பாடா. நல்லவேளை. அப்ப ஒண்ணும் அவசரம் இல்லம்மா. கட்டில மட்டும் தள்ளிப் போட்டுக்கோங்க. தொட்டிய ஒடைச்சுக் கட்டணும், பெரிய வேலை. அடுத்த வருஷம் வெள்ளையடிக்கிறப்போ சேத்துப் பண்ணிடலாம்.”

என்ன சொல்வேன்? ‘ஆள் படுக்கிறார் சார், வயசான மனுஷர், அவசரம் சார்’ என்று தொண்டை வரை வந்தது. நான் போட்ட முடிச்சு என் கழுத்தையே இறுக்கியது. “சரிங்க சார்” என்றேன்.

புறப்பட்டவர் வாசலில் நின்றார். “ஆமா, வர்றப்போ பாத்தேன். பஸ் ஸ்டாப்புல ஒரு பெரியவர் உக்காந்திருக்காரு. கால் வேற சரியில்ல. எந்த பஸ்ஸும் ஏறல. வீடு எங்கன்னு கேட்டா வீடு இல்லங்கிறாரு. யாரு பெத்த புள்ளைங்களோ, இப்படிக் கொண்டாந்து விட்டுட்டுப் போயிருக்குங்க. மனுஷங்களா அதுங்க?”

“ஆமா சார்” என்றேன். அதோடு விட்டேனா? “என்ன ஜென்மங்களோ” என்று வேறு சொன்னேன்.

“ஒரு தட்டு சாப்பாடு இருந்தா எடுத்துட்டு வாம்மா. நானும் அந்தப் பக்கம்தான் போறேன்.”

மூன்றாவது தட்டு அழுக்குத்துணிக்குள் இருந்தது. என் தட்டிலேயே சாப்பாட்டைப் போட்டேன். அவர் முன்னால் நடக்க, நான் என் மாமனாருக்குப் பிச்சை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

மாமா காலையில் உட்காரவைத்த அதே இடத்தில் இருந்தார். நிழல்தான் அங்கிருந்து நகர்ந்து போய்விட்டது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு என்னை இதற்கு முன் பார்த்ததே இல்லை என்கிற மாதிரி கண்ணை எடுத்துக்கொண்டார்.

“பெரியவரே, இந்தப் பொண்ணு உங்களுக்குச் சாப்பாடு கொண்டாந்திருக்கு” என்றார் வீட்டுக்காரர்.

மாமா இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். வராத கையையும் சேர்த்து நீட்டினார். “நல்லா இரும்மா” என்றார். “எந்த வீட்டுப் பொண்ணோ.”

‘இவர் என் மாமனார் சார்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? என் உதடு அசையவில்லை. நிஜமாகவே அசையவில்லை. வீட்டுக்காரர் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மாமா பக்கத்தில் வைத்தார். “புள்ளைங்க யாரும் இல்லையா?” என்று கேட்டார்.

“யாரும் இல்லீங்க” என்றார் மாமா. “ஒண்டிக்கட்டை.”

பஸ் வந்தது. “உனக்கு நல்ல மனசும்மா” என்று என்னிடம் சொல்லிவிட்டு வீட்டுக்காரர் ஏறிக்கொண்டார். ஜன்னலிலிருந்து கையும் காட்டினார். நானும் காட்டினேன். செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பஸ் வளைவு திரும்பும்வரை மாமா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். அப்புறம்தான் என்னை நிமிர்ந்து பார்த்தார். வெயிலில் முகம் கன்றியிருந்தது. ஆனால் கண்ணில் ஒரு குறும்பு, தேறிவிட்டோமா என்று கேட்கிற மாதிரி.

“போயிட்டாரா? எம்மேல ஒண்ணும் சந்தேகம் வரலியே? சரியாத்தானே சொன்னேன்?”

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். “சரியாச் சொன்னீங்க மாமா” என்றேன்.

“கூரை? பாத்தாரா? என்ன சொன்னாரு?”

அவர் விரலில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. அதைத் துடைத்துவிட்டேன். இன்று ராத்திரியும் இவர் அந்தக் கட்டிலில்தான் படுப்பார், அதற்கு மேல்தான் அந்தக் கூரை. கட்டிலைத் தள்ளிப் போட வேறு சுவர் இல்லை.

“பண்ணித் தர்றேன்னு சொல்லிட்டாரு மாமா. சீக்கிரமே.”

அவருக்கு ஒரே சந்தோஷம். என் தோளைப் பிடித்து எழுந்தார்.

“அப்ப நான் இவ்வளவு நேரம் உக்காந்தது வீண் போகல” என்றார்.