எட்டே முக்கால் நிலா

தென்காசியில் ஒரு நர்சரி பள்ளியில் பெர்சிஸ் யுகேஜி டீச்சர். ஜனவரித் தேர்வில், ‘நிலா எப்போது வரும்?’ என்று கேட்டிருந்தாள். நிலோபரைத் தவிர எல்லாப் பிள்ளைகளும் ‘இரவு’ என்று எழுதியிருந்தார்கள். நிலோபர் எழுதியது ‘காலை’. பெர்சிஸ் தவறு போட்டாள்.

தாளைக் கொடுத்த மறுநாள் காலை, நிலோபர் தன் அம்மா ஷமீம் பானுவோடு, தாளும் கையுமாக வந்து நின்றாள். சண்டைக்குத்தான் என்று பெர்சிஸ் நினைத்தாள்.

“மார்க்குக்காக வரல டீச்சர்,” என்றாள் ஷமீம் பானு. “நேத்துலேர்ந்து ஒரே அழுகை. நீங்க ஒருக்கா வெளிய வந்து பாத்தாப் போதும்னு சொல்லுதா.”

மணி எட்டே முக்கால். நிலோபர் டீச்சரின் விரலைப் பிடித்து மைதானத்துக்கு இழுத்துப் போனாள்.

“அங்கன பாருங்க டீச்சர். வேன்ல வரும்போது நெறயத் தடவ பாத்திருக்கேன்.”

மேற்கே, குற்றால மலைக்கு மேலே, ஒரு ஓரம் தேய்ந்த நிலா வெளிறிக் கிடந்தது. பகல் நிலாவை பெர்சிஸும் எத்தனையோ முறை பார்த்தவள்தான். கேள்வித்தாள் எழுதும்போது நினைவுக்கு வரவில்லை. முகம் சுருங்கிப் போயிற்று.

“நீ எழுதுனது சரிதான் ட்டி. நான்தான் தப்பாப் போட்டுட்டேன்,” என்று அங்கேயே திருத்திக் கொடுத்தாள்.

வகுப்பில் இதைச் சொன்னதும் பேச்சிராஜ் அழத் தொடங்கினான். “அப்ப நாங்க எழுதுனது தப்பா டீச்சர்?”

“அதுவும் சரிதாம்லே. எல்லாரும் வாங்க, பாப்போம்.”

அன்றிலிருந்து பிரேயர் முடிந்ததும் நிலா பார்ப்பது வழக்கமாயிற்று. பார்த்ததைப் பிள்ளைகள் சார்ட்டில் வரைந்தார்கள். நிலா நாளுக்கு நாள் மெலிந்து, மலையை விட்டு மேலேறி, சூரியனை நோக்கி நகர்ந்தது. அது சூரியனை நெருங்கியதும், கண்ணுக்கு ஆகாது என்று பெர்சிஸ் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

“நிலா திரும்ப வருமா டீச்சர்?” என்று கேட்டான் பேச்சிராஜ்.

“பூமியத்தான சுத்துது, வரும். எந்தப் பக்கம் வருதுன்னு நீங்க பாத்துச் சொல்லுங்க.”

பத்து நாள் கழித்து, சாயங்காலம் பள்ளி விட்டு பெர்சிஸ் பிள்ளைகளை வேனில் ஏற்றும்போது பேச்சிராஜ் கத்தினான். “ஏட்டி நிலோபர், அந்தா நிலா! நான்தான் மொதல்ல பாத்தேன்!”

கிழக்கே பாதி நிலா. நிலோபர் வேனிலிருந்து இறங்கி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மேற்கே கைநீட்டினாள்.

“டீச்சர், காலைலயும் நிலாவுல சூரியனப் பாத்த பக்கந்தான் வெள்ளையா இருந்துச்சு. இப்பவும் அப்படித்தான் இருக்கு.”

பெர்சிஸ் நிலாவைப் பார்த்தாள், சூரியன் இருந்த திசையைப் பார்த்தாள். பிள்ளை சொன்னது சரி. அவளாக அதைக் கவனித்ததில்லை.

வேன் டிரைவர் ஹாரன் அடித்தார். “ரெண்டு நிமிஷம் நில்லுங்க அண்ணாச்சி,” என்று பெர்சிஸ் மற்ற பிள்ளைகளையும் கீழே இறக்கினாள்.